வாயுள்ள பிள்ளை

என் மகளின் உதடுகள் சத்தமில்லாமல் அசைவதை நான் முதன்முதலில் கவனித்தபோது அவள் ஏழாம் வகுப்பில் இருந்தாள். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டே வருவாள், உதடு மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். பாடம் சொல்லிப் பார்க்கிறாள் என்று நினைத்தேன். பக்கத்து சீட்டுக்காரியிடம், "பஸ்ல கூட படிப்புதான்" என்று பெருமையும் அடித்துக்கொண்டேன். அந்தப் பெருமையை நினைத்தால் இன்றைக்கும் என் மேலேயே எனக்கு ஆத்திரம் வருகிறது.

நான் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் வேலை செய்கிறவள். தாய்மார் கொழுந்தெடுக்கவும் ரப்பர் பால் வெட்டவும் போகும்போது கைப்பிள்ளைகளை எங்களிடம் விட்டுவிட்டுப் போவார்கள். பசி அழுகை எது, தூக்க அழுகை எது, காதுவலி அழுகை எது, சும்மா தூக்கி வைத்துக்கொள்ளச் சொல்கிற அழுகை எது என்று அடுப்படியில் நின்றபடியே சொல்லிவிடுவேன். புதிதாகப் பெற்றவர்கள் என்னிடம்தான் வந்து கேட்பார்கள். நானும் பெரிய டாக்டர் மாதிரி அறிவுரை சொல்வேன். ஊர்ப் பிள்ளைகளின் அழுகையெல்லாம் தெரிந்த எனக்கு, என் வீட்டுப் பிள்ளை அழாமலே கிடந்தது தெரியவில்லை. தன் முதுகு தனக்குத் தெரியாது என்று சும்மாவா சொன்னார்கள்.

எங்கள் தோட்டம் தெரணியகலைக்கு மேலே இருக்கிறது. பாதி தேயிலை, பாதி ரப்பர், சுற்றிலும் சிங்களக் கிராமங்கள். சிங்களம் பேசாதவர் எங்கள் லயத்து வரிசை வீடுகளில் ஒருவரும் இல்லை. கடையில் பேரம் பேசுவோம், பஸ்ஸில் மீதிக் காசுக்குச் சண்டை பிடிப்போம், சிங்களத்தில் சிரிக்கவும் திட்டவும் எங்களுக்கு நன்றாகவே வரும். ஆனால் டாக்டர் பேசுகிற சிங்களம் வேறு, ஆபீஸில் பேசுகிற சிங்களம் வேறு, கடிதத்தில் வருகிறது அதைவிட வேறு. அந்த மேசைகளுக்கு முன்னால் போய் நின்றால், பஸ்ஸில் கிழிகிழியென்று கிழித்த வாய் அப்படியே ஒட்டிக்கொள்ளும். சரி என்பதற்கு "ஹரி, ஹரி" என்று தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்து, என்ன சொன்னார்கள் என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வோம்.

அதனால்தான் மகளை டவுனில் சிங்களப் பாடசாலையில் சேர்த்தோம். "நாமதான் ஊமையா நின்னோம், அவளாச்சும் பேசட்டும்" என்றார் என் வீட்டுக்காரர். அவருக்குக் கொழும்பில் துணிக்கடையில் வேலை, மாதத்துக்கு ஒருமுறை வருவார். அவள் பேசினாள். எட்டு வயதில் கரண்ட் பில் வாசித்தாள். பத்து வயதில் பாங்க் கடிதம் வாசித்தாள். பன்னிரண்டு வயதில் லயத்துக்கே அவள்தான் வக்கீல். கோர்ட் நோட்டீஸ், கிளினிக் அட்டை, பிறப்புப் பதிவில் பிழை, எதுவென்றாலும் வாசலில் ஆள் வந்து நின்று, "பாப்பா இருக்காளா?" என்பார்கள். யூனிபார்ம் மாற்றுவதற்கு முன்னாலேயே அவளைக் கூப்பிட்டு உட்கார வைப்பேன். யாருடனாவது ஆபீஸுக்குப் போக வேண்டுமென்றால் பாடசாலைக்கு லீவு போட்டு அனுப்பினேன். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று அதற்கு ஒரு பழமொழி வேறு வைத்திருந்தேன்.

இது என் வீட்டில் மட்டும் நடந்தது என்று நினைக்க வேண்டாம். எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் சிங்களம் படித்த பிள்ளை இருக்கிற வீடெல்லாம் இப்படித்தான். பிள்ளையின் கையில் கொழுந்துக் கூடையைக் கொடுத்தால் ஊரே வந்து சண்டை பிடிக்கும். ஊரிலுள்ள கஷ்டத்தையெல்லாம் காகிதமாக அதே கையில் கொடுத்தால் யாரும் ஒன்றும் சொல்வதில்லை.

எங்களுக்கும் பக்கத்து வீட்டுக்கும் ஒரே சுவர். அந்த வீட்டு அம்மாவை என் மகள் அத்தை என்று கூப்பிடுவாள். சொந்தம் இல்லை, ஆனால் சொந்தத்தைவிட மேல். காலையில் நான் முதலில் போய்ப் பிள்ளைக்காம்பராவைத் திறக்க வேண்டும் என்பதால், மகளுக்குத் தலைவாரி ரெட்டைப் பின்னல் போட்டு பஸ்ஸுக்கு அனுப்பியது முழுக்க அந்த அத்தைதான். அவருக்கு மார்பில் ஒரு கட்டி வந்தது. ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுக் கொஞ்சம் சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு சொல்கிற நாள் வந்தது.

அன்றைக்கு நான்தான் கூடப் போயிருக்க வேண்டும். பிள்ளைக்காம்பராவில் ஆள் இல்லை என்று சொன்னேன். ஆள் இருந்தது. டாக்டர் முன்னால் நிற்க எனக்குப் பயம், அவ்வளவுதான். இதை எழுதுவதற்கு வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதத்தான் வேண்டும். "நீ போய்ட்டு வா, உனக்குத்தான் எல்லாம் வெளங்கும்" என்று பதின்மூன்று வயதுப் பிள்ளையை அனுப்பினேன்.

பகல் பஸ்ஸில் இரண்டு பேரும் ஒரு பை நிறைய ரம்புட்டானோடு வந்து இறங்கினார்கள். அத்தை சிரித்துக்கொண்டே வந்தார். "புள்ள எப்படி பேசுது தெரியுமா? டாக்டரே தட்டிக் குடுத்தாரு" என்றார். என்ன சொன்னார்கள் என்று மகளிடம் கேட்டேன். "கொழும்புக்குப் போகணுமாம். அங்க மருந்து குடுப்பாங்களாம்" என்றாள். ரம்புட்டானை அவள் தொடவில்லை. அதையும் நான் பார்த்தேன். பஸ்ஸில் வந்த களைப்பு என்று நினைத்தேன்.

அடுத்த மாதம் அம்மன் கோயில் திருவிழா. மருந்துதானே, திருவிழா முடியட்டும் என்று அத்தை மூன்று வாரம் கழித்துக் கொழும்புக்குப் போனார். தை மாதம் பிறந்து நாலாம் நாள் அவர் உடலை எடுத்தோம். என் மகள் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. நெஞ்சழுத்தக்காரி என்று ஒருத்தி சொன்னாள். நான் அதற்குக் கூடச் சண்டைக்குப் போகவில்லை.

அதற்குப் பிறகு வயிற்றுவலி வந்தது. திங்கட்கிழமை காலையில் வந்தது முதலில், பிறகு எல்லாக் காலையிலும் வந்தது. பஸ் ஹோல்ட்டில் நின்று வாந்தி எடுப்பாள். கைகள் எப்போதும் ஈரமாக இருந்தன, பேனா வழுக்குகிறது என்று கைக்குட்டையைச் சுற்றிப் பிடித்து எழுதினாள். நான் சமைத்துக்கொண்டிருந்தால் வந்து நின்று, "அம்மா, உங்களுக்கு எங்கயாச்சும் வலிக்குதா?" என்று கேட்பாள். இல்லையென்றால் போய்விட்டு, கொஞ்ச நேரத்தில் திரும்ப வந்து அதையே கேட்பாள். ஒருநாள், "வலிக்கலன்னு சொல்றேன்ல, நச்சரிக்காம போ" என்று கத்தினேன்.

என்னால் முடிந்ததையெல்லாம் செய்தேன், எல்லாவற்றையும் தப்பாகச் செய்தேன். பூச்சி மருந்து கொடுத்தேன். பெருங்காயம் கரைத்துக் கொடுத்தேன். சாவு வீட்டில் பயந்திருக்கிறாள் என்று பூசாரியிடம் கூட்டிப்போய்த் திருநீறு போட்டுக் கையில் கறுப்பு நூல் கட்டினேன். நூல் கட்டிய மறுநாளும் வாந்தி எடுத்தபோது, பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் இருக்க நடிக்கிறாள் என்று கையை நீட்டிவிட்டேன். அவள் அழவில்லை. என் கை வலிக்கிறதா என்று கேட்டாள்.

கடைசியில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். அங்கே நடந்ததை யாரிடம் சொன்னாலும் நம்ப மாட்டார்கள், எங்கள் ஆட்கள் மட்டும் நம்புவார்கள். டாக்டர் சிங்களத்தில் கேட்டார், மகள் சிங்களத்தில் பதில் சொன்னாள், பிறகு என் பக்கம் திரும்பி எனக்குத் தமிழில் சொன்னாள். அவளுடைய நோயை அவள் வாயாலேயே எனக்குச் சொல்ல வைத்துக்கொண்டு நான் பக்கத்தில் பையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். டாக்டர் ஏதோ மெதுவாகக் கேட்டார். அதில் 'பய' என்ற சொல் இருந்தது. சிங்களத்திலும் அது பயம்தான், சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த சொல். மகள் இல்லையென்று தலையசைத்தாள். என்ன கேட்டார் என்று கேட்டேன். "ஒண்ணுமில்லம்மா, நல்லா சாப்பிடச் சொல்றாரு" என்றாள். நானும் சரி என்றேன். எனக்கு விளங்கவில்லை என்று இங்கே எழுதினால் அது பொய்.

அடுத்த மாதம் பாடசாலையிலிருந்து ஒரு கடிதம் வந்தது. வழக்கம்போல மகளிடமே கொடுத்து வாசிக்கச் சொன்னேன். "ஸ்போர்ட்ஸ் மீட்டாம், சைன் வச்சா போதும்" என்றாள். கீழ்த்துண்டில் கையெழுத்து வைத்துக் கிழித்துக் கொடுத்துவிட்டு, மேல்தாளை என் பிள்ளைக்காம்பரா ரெஜிஸ்டருக்குள் செருகி வைத்தேன்.

எங்கள் பிள்ளைக்காம்பராவுக்கு வாரம் ஒருநாள் மருத்துவிச்சி அம்மா வருவார், மிட்வைப் நோனா என்போம். சிங்களப் பெண், அரைகுறைத் தமிழ் பேசுவார். பிள்ளைகளின் எடையை எழுத ரெஜிஸ்டரைத் திறந்தவரின் கண்ணில் அந்தத் தாள் பட்டது. வாசித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"இது என்ன லெட்டர்னு தெரியுமா?"

"ஸ்போர்ட்ஸ் மீட்டுங்க நோனா."

"இல்ல அம்மே" என்று சொல்லிவிட்டு, ஒவ்வொரு வரியாக விரலை வைத்து எனக்கு விளங்கும்படி சொன்னார். உங்கள் மகள் ஒரு மாதமாக இன்டர்வலில் சாப்பிடுவதில்லை. எழுந்து வாசிக்கச் சொன்னால் கை நடுங்குகிறது. இரண்டு தடவை டாய்லெட்டுக்குள் கதவைப் பூட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தயவுசெய்து வந்து எங்களைச் சந்தியுங்கள். தொட்டிலில் ஒரு பிள்ளை வீரிட்டு அழுதது. அது என்ன அழுகை என்று எனக்குத் தெரியவில்லை.

"வீட்ல போய் சத்தம் போட வேணாம்" என்று நோனா சொல்லித்தான் அனுப்பினார். நான் சத்தம் போடவே போனேன். வழியெல்லாம், என்னையே ஏமாற்றினாயா என்று மனதுக்குள் கறுவிக்கொண்டு போனேன்.

வாசலில் கீழ் லயத்து ஆள் ஒருவர் உட்கார்ந்திருந்தார். மகள் யூனிபார்மோடு அவருடைய கடிதத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் இன்னும் வாசிக்க ஆரம்பிக்கவில்லை. உதடுகள் மட்டும் அசைந்துகொண்டிருந்தன. சொல்லப் போவதைத் தனக்குள் ஒருதரம் சொல்லிப் பார்த்து, எந்த வார்த்தை இந்த மனிதனைச் சுடும், எதை விட்டுவிடலாம் என்று தேடுகிறாள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. பஸ்ஸில் ஓடியதும் பாடம் இல்லை. 

கடிதத்தை வாங்கி அந்த ஆளிடம் கொடுத்து, "இன்னைக்கு முடியாதுண்ணே" என்று அனுப்பினேன். கதவைச் சாத்தினேன். நோனா சொன்னது எங்கேயோ போய்விட்டது. "ஏன்டி பொய் சொன்ன? எதுக்கு என்கிட்ட பொய் சொன்ன?" என்று கத்தினேன்.

அவள் சுவரோடு ஒட்டி நின்றாள். அந்தப் பக்கம் அத்தை வீடு.

"அத்தைக்கும் பொய்தாம்மா சொன்னேன்" என்றாள்.

அன்றைக்கு டாக்டர் புற்றுநோய் என்று சொல்லியிருக்கிறார். இந்த வாரத்துக்குள்ளேயே கொழும்புக்குப் போய் வார்ட்டில் சேர வேண்டும், பிந்தக் கூடாது என்று சொல்லியிருக்கிறார். அத்தை இவள் கையைப் பிடித்துக்கொண்டு, "பாப்பா, பயப்படும்படியா ஏதாச்சும் சொன்னாரா?" என்று கேட்டிருக்கிறார். தினமும் தனக்குத் தலைவாரிவிடும் கை அது. "இல்ல அத்த" என்று சொல்லியிருக்கிறாள்.

"நான் ஒழுங்கா சொல்லியிருந்தா அத்த அன்னைக்கே போயிருப்பாங்க. என்னாலதான் செத்தாங்க. இப்ப யாராச்சும் லெட்டரக் கொண்டாந்தா வயிறு என்னமோ பண்ணுதும்மா. கிளாஸ்ல வாசிக்கச் சொன்னாலும் அதே மாதிரி பண்ணுது."

பைத்தியம் மாதிரி பேசாதே, அப்படியெல்லாம் ஒன்றுமில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். பிள்ளைக்காம்பராவில் விழுந்து அழுகிற பிள்ளையிடம் நான் ஒருநாளும் 'ஒன்றுமில்லை' என்று சொன்னதில்லை. அடிபட்ட இடத்தைப் பார்ப்பேன். அந்த நேரத்தில் அது எப்படியோ ஞாபகம் வந்தது. தரையில் உட்கார்ந்தேன், அவளும் உட்கார்ந்தாள். அவள் சொல்லச் சொல்லக் கேட்டேன். சொன்னதையே திரும்பச் சொன்னாள், அதையும் கேட்டேன். என் வாழ்நாளில் நான் இவ்வளவு நேரம் வாயை மூடிக்கொண்டிருந்தது அன்றைக்கு மட்டும்தான். கடைசியில் அவள் அழுதாள். அத்தையை எடுத்த அன்றைக்கு அழ வேண்டிய அழுகை அது. அது எனக்குத் தெரிந்த அழுகைதான், மடியில் போட்டுக்கொண்டேன்.

"அத்தை கூட நான் போயிருக்கணும். எனக்குப் பயமா இருந்திச்சி, அதுனாலதான் உன்ன அனுப்பிச்சேன். தப்பு என்னோடது" என்றேன். அவள் என் முகத்தையே பார்த்தாள். அம்மாவுக்குப் பயம் இருக்கும் என்று அவள் அதுவரை நினைத்ததே இல்லை போல.

மறுநாள் அத்தையின் வீட்டுக்காரரான பக்கத்து வீட்டு மாமாவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். மண்வாரித் தூற்றினாலும் வாங்கிக்கொள்வது என்று முடிவு செய்துதான் போனேன். அவர் முழுவதையும் கேட்டார். பிறகு எழுந்து எங்கள் வீட்டுக்கு வந்து மகளின் முன்னால் உட்கார்ந்தார். "பாப்பா, ஒங்க அத்த திருவிழா பாக்காம போயிருக்க மாட்டா. டாக்டரே வந்து கையப் புடிச்சி இழுத்தாலும் போயிருக்க மாட்டா. அவளப் பத்தி எனக்குத் தெரியாதா?" என்றார். அது உண்மையா, பிள்ளைக்காகச் சொன்னதா என்று நான் அவரிடம் இதுவரை கேட்கவில்லை. அதைக் கேட்டதும் மகள் குணமாகிவிடவும் இல்லை. ஆனால் அன்றைக்கு ஒரு பிடி சோறு சாப்பிட்டாள்.

மிட்வைப் நோனா எழுதிக் கொடுத்த துண்டோடு பிள்ளைகளுக்கான மனநல கிளினிக்குக்குப் போனோம். அங்கே தமிழ் தெரிந்த ஒரு முஸ்லிம் நர்ஸ் இருந்தார். டாக்டரம்மா முதலில் மகளோடு தனியாகப் பேசினார், பிறகு அவளை வெளியே பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டு, நர்ஸை வைத்து என்னோடு பேசினார். பிள்ளை எத்தனை மணிக்குத் தூங்குகிறது, தூக்கத்தில் பேசுகிறதா, எதைக் கண்டால் பயப்படுகிறது என்று கேட்டார்கள். ஒன்றுக்கும் எனக்குச் சரியான பதில் தெரியவில்லை. "இது நடிப்பில்ல, பேயுமில்ல. பதற்றம்னு சொல்ற வருத்தம், ஒரு நோய். அது வயித்துல வந்து காட்டுது. மெல்ல மெல்லத்தான் கொறயும்" என்று நர்ஸ் சொன்னார். பிறகு டாக்டரம்மா சொன்னதைக் கேட்டு, "இனிமே இந்தப் புள்ளய யாருக்கும் வாயா அனுப்ப வாணாமாம். உங்களுக்கும்தான்" என்றார்.

லயத்தில் அதைச் சொல்வது லேசாக இருக்கவில்லை. "நாலெழுத்து படிச்சதும் தலைக்கனம்" என்றார்கள். ஒருத்தி ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. நான் வாசலில் நின்று, வருகிறவர்களையெல்லாம் திருப்பி அனுப்பினேன். சண்டை போடத் தெரிந்தது அப்போதுதான் பிரயோசனப்பட்டது. கடிதங்களைப் போனில் படமெடுத்துக் கொழும்பிலிருக்கும் வீட்டுக்காரருக்கு அனுப்பினால், கடை முதலாளியின் மகனிடம் காட்டிக் கேட்டுச் சொல்லுவார். அதோடு நான் மிட்வைப் நோனாவிடம் சிங்கள எழுத்துப் படிக்கவும் ஆரம்பித்தேன். மகள் சொல்லித்தருகிறேன் என்றாள். வேண்டாம், நீ போய் விளையாடு என்றேன். விளையாட வயது தாண்டிவிட்டதே என்று அவள் கேட்டாள். 

இன்னும் முழுதாகச் சரியாகவில்லை. பரீட்சை வந்தால் வாந்தி வருகிறது. ஆனால் தூங்குகிறாள். இன்டர்வலில் சாப்பிடுகிறாள். எங்கேயாவது வலிக்கிறதா என்று என்னை இப்போது எப்போதாவதுதான் கேட்கிறாள், கேட்டால் நானும் ஒழுங்காகப் பதில் சொல்கிறேன்.

போன மாதம் கிளினிக்குக்குப் போனபோது, நர்ஸ் லீவு என்றார்கள். மகள் என்னைப் பார்த்தாள். "நானே பேசிக்கிறேன்" என்றேன். சொல்லிவிட்டேனே தவிர, பெஞ்சில் உட்கார்ந்ததும் உள்ளங்கை ஈரமானது.  மகே துவட்ட தேன் ஹொந்தட்ட நிந்த யனவா. என் மகள் இப்போது நன்றாகத் தூங்குகிறாள். இதுதான் நான் சொல்ல வேண்டியது. ஒரே ஒரு வரி. மனதுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் மகள் பணிஸ் ரொட்டி தின்றுகொண்டிருந்தாள். தலை நிமிர்ந்தபோது அவள் தின்பதை நிறுத்திவிட்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் என் உதடுகள் அசைந்துகொண்டிருப்பது எனக்குத் தெரிந்தது.

அவள் பணிஸைக் காகிதத்தில் வைத்துவிட்டு என் ஈரக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பிழையா சொன்னாலும் பரவாயில்லம்மா" என்றாள். "யாரும் ஒங்கள ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

உள்ளே எங்கள் நம்பரைக் கூப்பிட்டார்கள். எட்டு வயதிலிருந்து அவளை எத்தனை மேசைகளுக்கு முன்னால் நிறுத்தியிருக்கிறேன். இந்த ஒரு வார்த்தையை நான் அவளிடம் ஒருநாளும் சொன்னதில்லை.